பேஸ் உறுமினால் முதலில் தந்தியைத் தொட்டுப் பாருங்கள்

திருகோணமலையில் கோயில் திருவிழா மேடையாக இருக்கட்டும், தேவாலய ஆராதனையாக இருக்கட்டும், நிலாவெளிக் கரையில் பைலா இரவாக இருக்கட்டும், பேஸ் கிற்றாரை அம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி வொலியூமைத் திருப்பியதும் சிலவேளை தடித்த உறுமல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவரை ஒரு தந்தியைக்கூட யாரும் மீட்டியிருக்க மாட்டார்கள். மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் "எர்த் இல்லை" என்பார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றித் திரும்பச் செருகுவார். இன்னொருவர் எர்த் பின்னையே எடுத்துவிடச் சொல்வார்.

"எர்த்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து கோளாறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. தந்திக்குப் போகும் வயர் அறுந்தாலும் எர்த். கேபிளுக்குள் சுற்றியிருக்கும் செம்பு வலை அறுந்தாலும் எர்த். சுவர்ச் சொக்கெற்றில் எர்த் வயர் இல்லாவிட்டாலும் எர்த். அம்பும் மிக்சரும் இரண்டு வீட்டுக் கரண்டில் ஓடினாலும் எர்த். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்கு எடுபடாது. அதுவும் எர்த் பின்னை எடுத்துவிடும் வைத்தியம் ஆளையே கொல்லக்கூடியது. ஆகவே கழற்றுவதற்கு முன் எந்த உறுமல் என்று பிரித்தறிய வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, காதும் கையும் போதும்.

உறுமலின் சுருதி

இலங்கையில் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பேஸின் ஈ தந்தியில் மூன்றாம் பிரெட்டை அழுத்தினால் வரும் ஜி, 49 ஹேர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்த ஜி-யை மீட்டி உறுமலோடு சேர்த்துக் கேட்டால், ஒரு செக்கனுக்கு ஒரு தடவை சத்தம் ஏறி இறங்குவது தெரியும். பெடல் ட்யூனரில் செருகினால், உறுமல் பலமாக இருக்கும்போது யாரும் வாசிக்காமலே முள் ஜி-யில் 35 சென்ற் (அரைச்சுரத்தின் நூறிலொரு பங்கு ஒரு சென்ற்) மேலே நிற்கும். சிறிய ஜெனரேற்றர்கள் சுமை குறைந்திருக்கும்போது 52 ஹேர்ட்ஸ் பக்கம் ஓடுவதுண்டு. அப்போது ட்யூனர் ஜி ஷார்ப் என்று காட்டும். மேடைக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதைக்கூட ட்யூனரே சொல்லிவிடும்.

இதில் பேஸ்காரருக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. அமெரிக்காவில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ் என்பதால் அங்கே உறுமல் ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் இடையில் விழும். நமக்கோ அடிக்கடி வாசிக்கும் ஜி-யின் தலையிலேயே விழுகிறது. ஒலியின் அடி, நடு, உச்சியைக் கூட்டிக் குறைக்கும் ஈகியூவில் 50 ஹேர்ட்ஸை வெட்டினால் ஈ தந்தியின் ஜி-யும் அதன் அயலும் சேர்ந்து மெலிந்துபோகும். 100 ஹேர்ட்ஸை வெட்டினால் 98 ஹேர்ட்ஸில் ஒலிக்கும் வெறும் ஜி தந்தி அடிபடும். நொய்ஸ் கேற் போட்டால் வாசிக்காத இடைவெளி அமைதியாகும், ஆனால் நீட்டிப் பிடிக்கும் சுரத்தின் வால் அறுந்துபோகும். கிற்றார்காரர் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுத் தப்பிக்கொள்ளலாம். பேஸ்காரருக்கு உறுமலை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சுத்தமான தடித்த "ம்ம்ம்" என்றால் அது பெரும்பாலும் காந்தப் புலத்தால் வருவது. டிரான்ஸ்போமர், மோட்டார், டியூப் லைற் சோக் என்று தேடலாம். ஈ மொய்ப்பது போன்ற கூர்மையான "கிர்ர்" என்றால் மின்புலத்தால் வருவது. மின்விசிறியின் இலெக்ட்ரோனிக் ரெகுலேற்றர், லைற் டிம்மர், திருவிழா எல்.ஈ.டி. மாலைகள், மலிவு போன் சார்ஜர் எல்லாம் இந்த வகை. விசிறியை ஒருதரம் முழு வேகத்திலும் ஒருதரம் நடு வேகத்திலும் ஒருதரம் நிறுத்தியும் பாருங்கள். நடு வேகத்தில் மட்டும் இரைந்தால் குற்றவாளி கூரையில் தொங்குகிறது.

தொட்டுப் பார்த்தல்

அம்பின் பிளக்கில் எர்த் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். தொடும்போது சுள்ளென்று பிடித்தால் சோதனையை அங்கேயே நிறுத்தி, அம்பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

வொலியூமை முழுதாகத் திறந்து, தந்திகளில் இருந்து கையை எடுங்கள். பிறகு தந்திகளைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் தந்தியின் எர்த் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்: "தொட்டால் நிற்கிறது, எனவே எர்த் பழுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நடப்பது இதுதான். சுற்றியுள்ள வயர்களின் மின்புலம் மனித உடம்பில் சிறு மின்னழுத்தத்தை ஏற்றிவைக்கிறது. அந்த உடம்பு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று இரைச்சலை அதற்குள் ஊட்டுகிறது. தந்தியைத் தொட்டதும் உடம்பு அம்பின் எர்த்தோடு சேர்ந்து, ஊட்டுவதை நிறுத்துகிறது. தொடாதபோது இரைச்சல் பெரிதாக இருந்தால், கிற்றாரின் உட்குழிக்குக் கவசம் போதாது என்பதே செய்தி.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் மாறவில்லை, ஆனால் கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தையோ உலோகக் குமிழையோ தொட்டால் குறைகிறது என்றால், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப்போய்விட்டது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடினால் ஜாக்கில் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அண்மையில் யாராவது ஈயம் வைத்திருந்தால் இது நடந்திருக்கலாம்.

எதைத் தொட்டாலும் மாற்றமில்லை, ஆனால் நின்ற இடத்திலேயே கால்வட்டம் திரும்பினால் உறுமல் கூடிக் குறைகிறது என்றால் அது காந்த உறுமல். திரும்பினாலும் மாற்றமில்லை, கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாலும் மாற்றமில்லை என்றால் கிற்றாரைத் திறக்கவே வேண்டாம். கோளாறு கேபிளிலோ, அம்பிலோ, கரண்டிலோ இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு: ஈ.எம்.ஜி. போன்ற, பற்றரியில் ஓடும் அக்ரிவ் பிக்கப்புகளில் தந்திக்கு எர்த் வயரே வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அவற்றில் தந்தியைத் தொட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஜாஸ் பேஸும் பிரிசிஷனும்

ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப் இருந்தது. 1957இல் அதை இரண்டு துண்டாக்கி, ஒன்றை ஈ, ஏ தந்திகளுக்கும் மற்றதை டி, ஜி தந்திகளுக்கும் கீழே வைத்தார்கள். இரண்டிலும் காந்த முனை எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். தந்தியின் ஒலி அப்படியே வரும், வெளியிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே பிரிசிஷன் வகை பேஸ் பலமாக உறுமினால் வயரிங்கில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1960இல் வந்த ஜாஸ் பேஸ் வேறு கதை. அதில் இரண்டு ஒற்றைச் சுருள்கள், இரண்டு வொலியூம்கள். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் உறுமல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். இது கோளாறே இல்லை, அந்த வாத்தியத்தின் குணம். இதைத் திருத்தச் சொல்லிக் கொடுக்கும் காசு வீண். ஆனால் இரண்டையும் முழுதாகத் திறக்கும்போது ஒலி மெலிந்து, உறுமல் கூடினால் அது கோளாறுதான். பிக்கப் மாற்றியபோது ஒன்றின் இரண்டு வயர்களும் இடம் மாறிவிட்டன. மாற்றி ஒட்டினால் சரி.

காந்த உறுமலுக்குச் செம்புத் தகடு ஒட்டிப் பிரயோசனமில்லை. 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலம் செம்புக்குள் மூன்றில் ஒரு பங்களவுக்குத் தளர்வதற்கே ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். கடையில் விற்கும் செம்பு நாடா ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குகூட வராது. செலவில்லாத வழி, அம்பிலிருந்து இரண்டு மீற்றர் விலகி, உறுமல் மிகக் குறைந்த திசையைப் பார்த்து நிற்பது. செலவுள்ள வழி, அதே வடிவில் உறுமல் தள்ளும் பிக்கப்பை வாங்கிப் பூட்டுவது.

கடற்காற்றும் பிரிட்ஜின் அடியும்

திருகோணமலையில் மற்றக் கோளாறுகளைவிட இந்த ஒன்றை அதிகம் எதிர்பார்க்கலாம். வொலியூம் குமிழின் அடியிலுள்ள பொட்டின் முதுகிலிருந்து ஒரு வயர் மரத்தைத் துளைத்துப் போய், பிரிட்ஜின் அடியில் வெறுமனே நசுங்கிக் கிடக்கும். அங்கே ஈயம் கிடையாது. பிரிட்ஜை இறுக்கும் ஐந்து திருகாணிகளின் அழுத்தம்தான் அதைத் தந்தியோடு சேர்த்துவைக்கிறது. உப்புவெளி, சல்லி, உவர்மலைப் பக்க வீடுகளில் கடலுப்பு காற்றிலேயே இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை வாடையின் ஈரமும் அதோடு சேரும். வியர்வையும் பிரிட்ஜில் வடிந்து இறங்கும். பிரிட்ஜைக் கழற்றினால் அந்தச் செம்பு இழைகள் பச்சைக் களிம்பு பூத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருப்பதைக் காணலாம்.

முதலில் கழற்றாமலே அளக்கலாம். கேபிளைக் கிற்றாரில் மட்டும் செருகி, மறுமுனைப் பிளக்கின் நீண்ட உலோக உடலுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே மல்டி மீற்றரை ஓமில் வையுங்கள். மீற்றர் கம்பிகளின் சொந்தத் தடையைக் கழித்து 1 ஓமுக்குள் வந்தால் நல்லது. பத்து, ஐம்பது என்று ஆடினால் களிம்பு. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பிரிட்ஜ் கறுப்புப் பூச்சுள்ளதாக இருந்தால் திருகாணியின் தலையில் வைத்து அளவுங்கள், பூச்சின் மேல் வைத்தால் மீற்றர் பொய் சொல்லும்.

கழற்றுவதென்றால் தந்திகளைத் தளர்த்தி எடுத்துவிட்டுத் திருகாணிகளை விடுவியுங்கள். பழுதான இழையை வெட்டி, 20 மில்லிமீற்றர் புதுச் செம்பு தெரியும்வரை வயரின் தோலை உரியுங்கள். நீளம் போதாவிட்டால் உள்ளே புது வயர் விடுங்கள். இழைகளை விசிறி போல் விரித்து மரத்தில் படுக்கவைத்து, பிரிட்ஜின் அடியில் அதே இடத்தை 400 இலக்க உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். குத்துவிளக்கு விளக்குவது போல் புளி போட்டுத் தேய்க்கிற யோசனை சிலருக்கு வரும். விளக்கைக் கழுவிவிடலாம், மரத்துக்குள் இறங்கிய புளியைக் கழுவ முடியாது. அந்த அமிலம் அங்கேயே இருந்து அடுத்த களிம்பை வளர்க்கும்.

பொட்டின் முதுகில் ஈயம் வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த உலோகம் சூட்டை உறிஞ்சும். 25 வாற் அயனால் செய்தால் ஈயம் மணி மணியாக உருண்டு மேலே உட்காருமே தவிர ஒட்டாது. 40 முதல் 60 வாற் வரை, தட்டை முனை அயன் வேண்டும். முதுகை உரஞ்சி, நடுவில் பசை உள்ள 60/40 ஈயத்தை வைத்து மூன்று நாலு செக்கனுக்குள் முடித்துவிடுங்கள். நல்ல ஒட்டு பளிச்சென்று, விளிம்பு பரந்து படிந்திருக்கும். மங்கலாக உருண்டு நின்றால் அது பேருக்கு ஒட்டியிருக்கிறது. தகரம் ஒட்டுபவர்கள் பாவிக்கும் அமிலப் பசையைக் கிற்றார்ப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

ஜாக்கும் கேபிளும்

ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தால் வெளியிலிருந்து முறுக்குகிறோம். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயரை முறித்துவிடும். தட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அக்ரிவ் பேஸில் இந்த ஜாக்தான் 9 வோல்ற் பற்றரியின் சுவிச்சும். பிளக் செருகியிருக்கும்வரை பற்றரி தீர்ந்துகொண்டிருக்கும். தீரும் பற்றரி உறுமாது, ஒலியைக் கிழிக்கும்.

கேபிளில் ஓர் ஏமாற்று இருக்கிறது. ஸ்பீக்கர் கேபிளுக்கும் கிற்றார் கேபிளுக்கும் ஒரே 6.35 மில்லிமீற்றர் பிளக். மேடை அவசரத்தில் ஸ்பீக்கர் கேபிள் கிற்றாருக்கு வந்துவிட்டால் எவ்வளவு நல்ல பேஸும் உறுமும். பிளக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரே தடிப்பில் இரண்டு வயர்கள் இருந்தால் ஸ்பீக்கர் கேபிள். நடுவில் மெல்லிய ஒரு வயர், அதைச் சுற்றிச் செம்பு வலை இருந்தால் கிற்றார் கேபிள். அந்த வலை பிளக்கின் கழுத்தில் அறுவதுதான் வழமை. வலை அறுந்தால் உறுமல் திடீரென்று மேடையையே நிரப்பும். மீற்றரில் நுனிக்கு நுனி, உடலுக்கு உடல் 1 ஓமுக்குள்ளும், நுனிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இல்லாமலும் இருக்க வேண்டும். அளக்கும்போது கழுத்தை வளைத்துக்கொண்டே அளவுங்கள்.

அதே மீற்றரால் பிக்கப்பையும் பார்த்துவிடலாம். பற்றரி இல்லாத பாஸிவ் பேஸில் வொலியூம் முழுதாகத் திறந்திருக்க, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே பிரிசிஷன் வகை 10 கிலோ ஓம் அளவிலும், ஜாஸ் வகை ஒரு பிக்கப்பில் 7 கிலோ ஓம் அளவிலும், இரண்டும் திறந்தால் அதில் பாதியும் காட்டும்.

கவசம்

"கிர்ர்" இரைச்சலுக்கு மருந்து செம்பு நாடா. 50 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு மீற்றர் இருந்தால் ஒரு ஜாஸ் பேஸின் பிக்கப் குழிகளுக்கும் கட்டுப்பாட்டுக் குழிக்கும் போதும். பசையும் மின் கடத்தும் நாடாவாகப் பார்த்து வாங்குங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைக்க வேண்டும். துண்டுகள் 5 மில்லிமீற்றராவது ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். குழியின் விளிம்பில் ஒரு நாக்கை வெளியே மடித்துவிட்டால் மூடித்தகடு இறுகும்போது தானாகத் தொட்டுக்கொள்ளும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வயரால் பொட்டின் முதுகோடு சேர்க்க வேண்டும். எர்த்தோடு சேராத கவசத்தால் பயனில்லை.

சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுபவர்களும் உண்டு. முதல் நாளில் அது வேலை செய்யும். ஆனால் சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. செம்பு வயரை அழுத்திவைத்தாலும் உப்புக் காற்றில் அந்த இரண்டு உலோகங்களும் சேரும் இடம் சீக்கிரம் அரித்துப்போகும். கடலோர ஊருக்கு அது தோதில்லை.

ஒட்டி முடித்த பேஸ் சத்தமே போடாமல் ஊமையாகிவிட்டால் பயப்பட வேண்டாம். பிளக் உள்ளே போகும்போது ஜாக்கின் வளைந்த நாக்கு வெளியே தள்ளிச் செம்பைத் தொடுகிறது. அந்த இடத்தில் இரண்டு சுற்று இன்சுலேஷன் ரேப் ஒட்டுங்கள்.

சுவரும் மண்ணும் மிக்சரும்

இலங்கையில் வீட்டு எர்த் என்பது பொதுவாக அந்தந்த வளவில் அறைந்த கம்பிதான். கரையோர மணலில் அறைந்த கம்பி, கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் மண்ணோடு சரியாகத் தொடர்புகொள்ளாது. மாரி மழைக்குப் பிறகு அதே கம்பி நன்றாக வேலைசெய்யும். "ட்ரிப் சுவிச்சு விழுகிறது, ஆகவே எர்த் நல்லது" என்பதும் சரியல்ல. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சு, ஆயிரம் ஓம் தடையுள்ள கம்பியோடும் விழும். அதில் இருக்கும் சோதனைப் பொத்தான் எர்த் கம்பியைச் சோதிப்பதே இல்லை, சுவிச்சை மட்டும் சோதிக்கிறது. கம்பியை அளக்க மின் தொழிலாளரிடம் உள்ள எர்த் மீற்றர் வேண்டும்.

கோயில் வீதியில் மேடை போடும்போது கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மேடைக்கு மண்டபத்திலிருந்து ஒரு வயர், மிக்சருக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு வயர். இரண்டு வளவின் எர்த் கம்பிகளுக்கும் இடையே சில வோல்ற் வித்தியாசம் இருந்தால், அம்பிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளின் வலை வழியே அது ஓடி உறுமலாகிறது. இது எர்த் இல்லாத கோளாறே அல்ல, எர்த் இரண்டு இருப்பதால் வந்த வினை. அம்பையும் மிக்சரையும் ஒரே சொக்கெற்றிலிருந்து நீட்டிய வயரில் போட்டாலே பெரும்பாலும் அடங்கும். முடியாவிட்டால் இடையில் டி.ஐ. பொக்ஸ் (கிற்றாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிச்சைத் தட்டுங்கள். அது மிக்சருக்குப் போகும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளின் வலையை மட்டும் துண்டிக்கிறது, கரண்டின் எர்த்தைத் தொடுவதில்லை. அம்ப் இல்லாமல் பேஸை நேரே டி.ஐ.யில் செருகியிருந்தால் லிஃப்ட் போட வேண்டாம். போட்டால் கிற்றார் எதோடும் சேராமல் தொங்கி, இன்னும் பலமாக உறுமும்.

சுவர்ச் சொக்கெற்றின் எர்த் துளையில் போல்பொயின்ற் பேனையைக் குத்தி மூடியைத் திறந்து, இரண்டு பின் பிளக்கைத் தள்ளுவது நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. போன் சார்ஜருக்குச் செய்வதை அம்புக்கும் செய்துவிடுகிறோம். வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடக்கும் ஊரில் மலிவு அடப்டர்களும் எர்த்தை இடையில் விட்டுவிடும். பேஸின் தந்தி, பிரிட்ஜ் வயர் வழியாக அம்பின் உலோக உடலோடு நேரே சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத அம்பின் உள்ளே லைவ் வயர் உடலைத் தொட்டால் 230 வோல்ற் தந்திக்கு வந்துவிடும். கை தந்தியில் இருக்கும், உதடு மிக்சரோடு எர்த் ஆன மைக்கைத் தொடும். 1972 மே மாதம் பிரித்தானியாவின் சுவான்சியில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கே எர்த் ஆகாமல் இருந்தது மைக்.

தொட்டால் சுள்ளென்று பிடித்தால், அல்லது அம்பைச் செருகியதும் ட்ரிப் சுவிச்சு விழுந்தால், வேறு சொக்கெற் தேடி அலைய வேண்டாம். எர்த் பின்னைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். கரண்டைக் கசியவிடுவது அந்த அம்பாகவே இருக்கலாம். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேஸை டி.ஐ. பொக்ஸ் வழியாக நேரே மிக்சருக்குக் கொடுத்து, மொனிற்றரில் கேட்டு வாசியுங்கள். அம்பைத் திறப்பவர் தெரிந்தவராக இருக்கட்டும், ஏனென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிற்றர்கள் அபாயமான மின்னழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும்.